மண்டபத்துக்கு ஒரு திரை

பழைய மாணவர்களின் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு நான் முடிவுகள் எழுதத் தொடங்கியது, வேறு ஆள் கிடைக்காத காரணத்தால். ஊரில் ஒரு நாளிதழில் சில வருடங்கள் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜேர்மனியில் எனக்குச் சோறு போட்டது அந்த அனுபவம் அல்ல, பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சரக்குக் களஞ்சியம். ஆனால் கோடைகாலச் சனிக்கிழமைகளில் மைதானத்தின் ஓரத்தில் நின்று, யார் அடித்தது, யார் தடுத்தது, யார் நடுவரோடு சண்டைக்குப் போனது என்று குறித்து, அன்று மாலையே பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த சம்மேளனத்தின் இணையத்தளத்துக்கு ஐந்தாறு வசனங்கள் அனுப்புவேன். கூட எழுதினால் ஒருவரும் வாசிப்பதில்லை. குறைத்து எழுதினால் கோல் அடித்தவனின் தாய் தொலைபேசி எடுப்பார்.

யாழ்ப்பாணத்தவர் இருவர் சந்தித்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்தது எந்தக் கல்லூரி; பெரிய பள்ளிக்கூடங்களை ஊரில் கல்லூரி என்றே சொல்வோம். இங்கே வந்த பிறகும் அது மாறவில்லை. கல்லூரிக்கு ஒரு பழைய மாணவர் சங்கம், சங்கத்துக்கு ஒரு அணி. உண்மையில் படித்தவர்களுக்கு வயிறு வைத்துவிட்டது. விளையாடுவது அவர்களுடைய பிள்ளைகள். தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. மருமக்களைச் சேர்க்கலாமா என்று பல பொதுக்கூட்டங்களில் வாதாடி, திருமணப் பதிவு முடிந்திருந்தால் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்த ஒரு நல்ல கோல்காப்பாளரை அந்த விதி ஒரு பருவம் முழுவதும் வெளியே நிறுத்தியது.

அணிகள் மூன்று வட்டாரங்களாக இருந்தன. பான் பக்கம் ஒன்று, பிராங்பேர்ட் பக்கம் ஒன்று, கார்ல்ஸ்ரூஹே பக்கம் ஒன்று. எந்தச் சங்கத்தின் ஆட்கள் எங்கே கூடுதலாகக் குடியிருந்தார்களோ, அந்த வட்டாரத்தில் அந்த அணி. காரணம் எளிமையானது: ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் சனிக்கிழமை இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும்.

பருவத்தின் முதல் நாள் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் கூடும். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கல்லூரியின் முழுப் பெயரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அந்த அணி கொடியோடு நடந்து வரும். பார்வையாளர்களில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எழுந்து நிற்பார்கள். சிலருக்கு எழுந்து நிற்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் எழுத வந்தது ஒரு சங்கத்தின் செயலாளரைப் பற்றி. பிராங்பேர்ட்டுக்கு அருகே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பள்ளிக்கூடம் கடற்கரையில் இருந்தது. அதற்கு நீளமான பெயர் உண்டு. ஆனால் எல்லாரும் கரைப் பள்ளிக்கூடம் என்றே சொன்னார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கரின் பள்ளிக்கூடம், மாதா பள்ளிக்கூடம். இங்கே இரண்டும் பிராங்பேர்ட் வட்டாரத்தில் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை மோதும். அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது: ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு தோற்ற பக்கம், சமைத்த பெரிய கிடாரங்களைக் கழுவ வேண்டும். மைதானப் பராமரிப்பாளரான ஜேர்மன்காரர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் சங்கம் விதித்த தண்டனையா என்று என்னிடம் கேட்டார்.

கரைப் பள்ளிக்கூடத்தின் காணி போர்க்காலத்தில் படைமுகாமுக்குள் போனது. பிள்ளைகள் வேறு இடங்களில், வேறு பள்ளிக்கூடங்களின் கட்டடங்களில், பின்னேரங்களில் படித்தார்கள். காணி திரும்பக் கிடைத்தபோது கட்டடம் இருக்கவில்லை. சேர்ப்பதற்குப் போதிய பிள்ளைகளும் இருக்கவில்லை. மிஞ்சியவர்களை மாதா பள்ளிக்கூடத்தோடு இணைத்தார்கள். இணைத்தபோது ஒரு பெயர்தான் தேவைப்பட்டது. ஆக, ஒலிபெருக்கியில் அந்த நீளப் பெயரை யாராவது முழுதாகக் கூப்பிடும் இடம் ஜேர்மனியில் ஒரு வாடகை மைதானம் மட்டுந்தான். செயலாளர் இதை ஒருபோதும் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் பெயர் கூப்பிடும் நாளில் அவர் கோட் போட்டு வருவார், ஜூன் மாத வெயிலிலும்.

அவருடைய மகன் அணியில் வலப்பக்க முன்வரிசையில் விளையாடினான். மின்சார வேலைக்கு ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். நல்ல வேகம். பந்து காலுக்கு வந்த பிறகுதான் என்ன செய்வதென்று யோசிப்பான் என்று ஒருமுறை எழுதினேன். தாய் தொலைபேசி எடுத்து, "அண்ணை, நீங்கள் எழுதினது சரிதான், ஆனால் உப்பிடி எழுதியிருக்க வேண்டாம்" என்றார்.

தொலைக்காட்சி வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். அதை மறைக்கத் தேவையில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தமிழர் வீடுகளில் பார்க்கும் ஒரு சனல். அதன் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பாரிஸில் வளர்ந்தவர், நாற்பது வயது இருக்கும், மரியாதையாகக் கதைப்பார். மைதான வாடகையை அவர்களே ஏற்றார்கள். இரண்டு கமராக்கள், ஒரு வான், வர்ணனைக்கு இரண்டு பேர். ஊரிலிருக்கும் தாய்மார் பேரப்பிள்ளை ஓடுவதைத் தொலைபேசியிலேயே பார்த்தார்கள். திரையின் மூலையில் கோல் கணக்கோடு ஒவ்வொரு கல்லூரியின் சின்னமும் வந்தது. கரைப் பள்ளிக்கூடத்தின் சின்னம் ஒருவரிடமும் இருக்கவில்லை. செயலாளர் ஒரு பழைய கழுத்துப்பட்டியைத் தேடி எடுத்து, அதிலிருந்ததைப் பெரிதாக்கி வரைவித்துக் கொடுத்தார். அது திரையில் முதல் முறை வந்த நாளில், அந்தக் காட்சியை நிறுத்திப் படம் பிடித்து எனக்கும் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வருடம் ஆட்டங்கள் மாலை ஆறு மணிக்கு மாறின. அப்போதுதான் கனடாவில் மதியம். மதியச் சாப்பாடு இரவுச் சாப்பாடாயிற்று. ஞாயிறு வேலைக்காரர்கள் இடைவேளையோடு போய்விட்டார்கள். பெயர் கூப்பிடுவதையும் சுருக்கினார்கள். மும்மூன்று அணிகளாக நடந்து வந்தன. கமராவுக்கு அதுதான் வசதி. ஒருவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்ப்பவர்கள் மாற்றாக மைதானத்துக்கு வாடகை கட்ட வேண்டும் என்று சம்மேளனத் தலைவர் சொல்லியிருந்தார். தலைவர் ஒரு கணக்காளர், பெரிய கல்லூரியொன்றின் பழைய மாணவர். குரலை உயர்த்தமாட்டார்.

மூன்றாம் வருடம் வசந்தகாலப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பாளர் திட்டத்தை விளக்கினார். வட்டாரங்கள் இனி இல்லை. இரண்டு பிரிவுகள் இருக்கும். பிரதான பிரிவில் எட்டுக் கல்லூரிகள். அவற்றின் ஆட்டங்களை மட்டும் ஒளிபரப்புவார்கள். மற்றவை இரண்டாம் பிரிவு. யார் எங்கே என்பதை இந்தப் பருவத்தில் ஒவ்வொரு அணியும் தன்னுடையதாகத் தேரும் ஒரு ஆட்டத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்வார்கள்.

"ஒரு அணி எல்லாத்திலயும் வெண்டுபோட்டுது, ஆனா பாக்க ஆளில்லை எண்டால்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கீழ்ப் பிரிவில விளையாடும் அண்ணை."

"எல்லாத்திலயும் தோத்துப்போட்டு, பாக்கிறதுக்கு நிறையச் சனம் எண்டால்?"

"மேல் பிரிவில விளையாடும்."

"அப்ப கோல் எதுக்கு அடிக்கிறது?" என்றார் அவர். சிரிப்பு எழுந்தது. பொறுப்பாளரும் சிரித்தார்.

பிறகு அவர் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னார். "நாங்கள் புதுசா ஒண்டும் செய்யேல்லை. அமெரிக்காவைப் பாருங்கோ. அங்க காலேஜ் விளையாட்டு எண்டால் பெரிய விசயம். நூறு வருசமாப் பக்கத்துப் பக்கத்துக் காலேஜுகள் சேர்ந்து விளையாடின லீக்குகள். டீவிக்காரர் ஒப்பந்தத்தை மாத்தினவுடன எல்லாம் இடம் மாறிப்போச்சு. மேற்குக் கரையில இருக்கிற காலேஜ் இப்ப பிளேன் ஏறிக் கிழக்குப் பக்கம் போய் விளையாடுது. அதுக்காக ஆரும் அழேல்லை."

"அழுதவையை டீவி காட்டியிருக்காது," என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்து நான் அதைத் தேடிப் பார்த்தேன். பொறுப்பாளர் சொன்னது பெரும்பாலும் சரி. ஜேர்மன் பத்திரிகையொன்று விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு பத்தி போட்டிருந்தது. மேற்குக் கரைக் கல்லூரிகளின் பழைய கூட்டமைப்பு ஒன்று தொலைக்காட்சி ஒப்பந்தம் சரிவராமல் கலைந்துபோனது. ஒவ்வொன்றாக வேறு பக்கம் போக, கடைசியில் மிஞ்சியவை இரண்டு. அந்த இரண்டைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. பத்திரிகையில் வேலை செய்த நாட்களில் இடம் போதாவிட்டால் நாங்கள் முதலில் வெட்டுவதும் அப்படியான வரியைத்தான்.

செயலாளர் மனம் தளரவில்லை. கரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் குறைவில்லை, சிதறியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். மாதா பள்ளிக்கூடத்தோடான ஆட்டத்தைத் தங்களுடைய ஆட்டமாகத் தேர்ந்தார். அதற்கு முந்திய வாரங்களில் அவர் வேலை முடிந்த நேரமெல்லாம் தொலைபேசியில் இருந்தார். குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தாய் தகப்பனின் சுகம் கேட்டு, அதற்குப் பிறகுதான் விசயத்துக்கு வருவார்.

டொரோண்டோவில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். லண்டனில் ஒரு கோயில் மண்டபம். ஊரிலும், பழைய பள்ளிக்கூடக் காணிக்கு அருகில் ஒரு வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜேர்மனியில் இருந்தவர்களை அவர் மைதானத்துக்கே வரச் சொன்னார். சுவிஸிலிருந்து ஒரு பஸ், பாரிஸிலிருந்து ஒரு பஸ்.

"எல்லாரும் ஒண்டா இருந்து பாக்க வேணும் அண்ணை," என்று என்னிடம் சொன்னார். "தனித்தனிய வீட்டில இருந்து பாத்தால் பாதியில எழும்பிக் கடைக்குப் போயிடுவினம். மண்டபம் எண்டால் முடியுமட்டும் இருப்பினம். சாப்பாடு கடைசியிலதான் குடுக்கச் சொல்லியிருக்கிறன்."

நான் அதை நல்ல யோசனை என்றே நினைத்தேன். எங்களில் யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை. செத்தவீடு, கலியாணம், தேர்தல் முடிவு, கிரிக்கெட், எதுவானாலும் நாங்கள் ஒரு வீட்டில் கூடித்தான் பார்த்திருக்கிறோம்.

அன்றைக்கு வந்த சனத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தப் பழைய மாணவர் போட்டியிலும் கண்டதில்லை. கார்கள் மைதானத்துக்கு வெளியே பிரதான வீதிவரை நின்றன. பராமரிப்பாளர் வேலிக்கதவைத் திறந்து பக்கத்துப் பயிற்சி மைதானத்திலும் ஆட்களை விட்டார். செயலாளரின் மனைவியும் மாதா பள்ளிக்கூடத்துப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் செயலாளர் தன் தொலைபேசியை எனக்கு நீட்டினார். டொரோண்டோ மண்டபம். வரிசை வரிசையாகத் தலைகள். யாரோ ஒரு வயோதிபர் கமராவுக்கு மிகக் கிட்ட வந்து நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கோ, கதிரை காணாமல் நிக்கினம்," என்றார் செயலாளர். அவர் குரல் வழக்கம்போல்தான் இருந்தது. ஆனால் அதே காட்சியை வானுக்குப் பக்கத்தில் நின்ற கமராக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

ஆட்டம் சாதாரணமானது. மாதா பள்ளிக்கூடம் முதல் பாதியில் ஒன்று அடித்தது, இரண்டாம் பாதியில் ஒன்று. செயலாளரின் மகன் ஒரு நல்ல வாய்ப்பைக் கம்பத்தில் அடித்தான்.

முடிவைச் சரிபார்க்க நான் சனலின் வானுக்குப் போனேன். பொறுப்பாளர் ஒரு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன அண்ணை இது?" என்றார். "கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஆக்கள் இல்லையோ?"

"வெளியில பாரும்."

"வெளியில நிக்கிற ஆக்கள் எனக்கு ஆக்கள் இல்லை அண்ணை. தப்பா நினைக்காதேங்கோ. இதில வாறவைதான் எனக்கு ஆக்கள்."

திரையில் ஒரு கோடு இருந்தது. இந்தப் பருவத்தின் மற்ற ஆட்டங்களின் கோடுகள் வேறு நிறங்களில் மேலே கிடந்தன. இது எல்லாவற்றுக்கும் கீழே, ஏறக்குறைய நேராக, ஓடிக்கொண்டிருந்தது. நான் மண்டபங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"மண்டபத்துக்கு ஒரு திரைதானே அண்ணை போட்டிருப்பினம்?"

"ஓம்."

"அப்ப அது ஒண்டு. இது ஆக்களை எண்ணாது. திரையை எண்ணும்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "முதலே என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தோற்ற பக்கம் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்து, தண்ணீர்க் குழாயடியில் செயலாளரும் அணியில் நாலைந்து பேரும் குந்தியிருந்தார்கள். செயலாளர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். மாதா பள்ளிக்கூடச் சங்கத்தின் தலைவர், அவருடைய வயதுக்காரர், கோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு மேலே நின்றார்.

"அடியில கறுப்பு நிக்குது ஐசே. வடிவாத் தேய்ச்சுக் கழுவும்."

"உங்கட ஆக்கள் கறியை அடிப்பிடிக்க விட்டதுக்கு நான் என்ன செய்யிறது?"

"ரெண்டு கோலுக்கு ரெண்டு கிடாரம். கணக்குச் சரி."

"அடுத்த வருசம் கழுவுறது நீர்தான். கோட்டைக் கழட்டி வைச்சிட்டு வாரும்."

செயலாளர் என்னைக் கண்டதும், "எப்பிடி அண்ணை, கணக்கு வந்திட்டுதோ?" என்றார்.

சொன்னேன். அவர் கையில் தென்னந்தும்பு இருந்தது. தேய்ப்பதை நிறுத்தினார்.

"அவ்வளவு பேருக்கும் ஒண்டோ?"

"மண்டபத்துக்கு ஒண்டு."

"இஞ்ச வந்த ஆக்கள்?"

"இஞ்ச வந்தவை கணக்கிலயே இல்லை."

அவர் குனிந்து திரும்பவும் தேய்க்கத் தொடங்கினார். மாதா பள்ளிக்கூடத் தலைவர் கட்டிய கையை அவிழ்த்தார். "நான்தான் சொன்னனான், ஒண்டா இருந்து பாருங்கோ எண்டு," என்றார் செயலாளர், கிடாரத்துக்குள் பார்த்தபடி. சற்றுத் தள்ளிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "வீட்டில இருந்து பாக்கச் சொல்லியிருந்தாலும் பாத்திருப்பினம்" என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் முடிவெடுக்கும் கூட்டம், பிராங்பேர்ட்டில் ஒரு ஜேர்மன் விளையாட்டுக் கழகத்தின் பின்னறையில். செயலாளர் மண்டபங்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தலையிலும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்திருந்தது. மறைந்து நின்றவர்களுக்கு ஓரத்தில் தனியாகப் புள்ளிகள். மனைவியும் மகளுமாக இருந்து வைத்ததாகச் சொன்னார். மகள் பானில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதற்காகவே ஒரு வார இறுதியில் வந்து போனாளாம்.

பொறுப்பாளர் ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"நீங்கள் சொல்லுறது உண்மை அண்ணை. நானும் நேரில கண்டனான். ஆனால் விளம்பரக்காரனுக்கு நான் இதைக் காட்டேலாது. அவன் மெஷின்ர எண்ணிக்கையைத்தான் கேப்பான்."

"அடுத்த வருசம் மேல வரலாம்தானே," என்றார் சம்மேளனத் தலைவர்.

"இரண்டாம் பிரிவை நீங்கள் காட்டுவியளோ?" என்று செயலாளர் பொறுப்பாளரைக் கேட்டார்.

"இல்லை அண்ணை. அதுக்கு ஏலாது."

"காட்டாட்டி ஆர் பாப்பினம்? ஆரும் பாக்காட்டி எப்பிடி மேல வாறது?"

தலைவர் தேநீர் வந்துவிட்டதா என்று கதவுப் பக்கம் பார்த்தார். தேநீர் வந்தது. எல்லாரும் சீனி போட்டுக் கலக்கினார்கள். பிறகு வாக்கெடுப்பு. மேல் பிரிவுக்குள் வந்த எட்டுச் சங்கங்களும் கை உயர்த்தின. கீழே போகும் சங்கங்களிலும் இரண்டு உயர்த்தின. அடுத்த முறை நினைவில் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். மாதா பள்ளிக்கூடத் தலைவர் கடைசியாக உயர்த்தினார், தோளுக்கு மேலே போகாமல். அவர்களுக்கு எட்டாவது இடம்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அவர் செயலாளரிடம் வந்தார். நானும் நின்றேன். செயலாளருடைய காரில்தான் வந்திருந்தேன்.

"கை உயர்த்தாட்டி எங்களையும் கீழ விட்டிருப்பினம் ஐசே."

"தெரியும்."

"எங்கட ஆட்டத்தை எங்கட ஆக்கள் வீட்டில இருந்து பாத்தவை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஓம்."

"கிடாரம் எங்கட வீட்டிலதான் கிடக்கு. வந்து எடுக்கிறீரோ?"

"இருக்கட்டும்," என்றார் செயலாளர். வீடு வரும்வரை அவர் கதைத்தது வீதியைப் பற்றி மட்டும்.

இரண்டாம் பிரிவின் ஆட்டங்கள் கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே, ஞாயிறு காலையில் நடந்தன. வாடகை குறைந்த மைதானம். பான் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டோடு எழும்ப வேண்டும். புதிய பருவத்தின் முதல் நாள் கொடியும் அணிவகுப்பும் பிரதான பிரிவுக்கு மட்டுமே என்று அறிவித்திருந்தார்கள். நேரம் போதாது என்பது காரணம். நான் அன்றைக்கு அங்கே போகாமல் கார்ல்ஸ்ரூஹேக்குப் போனேன்.

செயலாளர் கோட் போட்டிருந்தார். பிறந்தநாள் விழாக்களுக்குப் பாவிக்கும் ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் காரிலிருந்து இறக்கினார். அன்று வந்திருந்த நான்கு பள்ளிக்கூடங்களின் பெயர்களையும் தானே கூப்பிடப்போவதாகச் சொன்னார். முதற் பெயர் பாதி போய்க்கொண்டிருக்கும்போதே மைதானப் பொறுப்பான பெண் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி கூடாது, எதிரில் குடியிருப்பவர்கள் முறைப்பாடு செய்வார்கள் என்றார். பண்பாகத்தான் சொன்னார். செயலாளர் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தி, காருக்குள் வைத்துவிட்டு வந்து, வெறும் குரலில் மற்றவற்றைக் கூப்பிட்டார். தன்னுடையதைக் கடைசியில். எழுந்து நிற்க அங்கே கதிரைகள் இருக்கவில்லை. வந்தவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே சம்மேளனம் இன்னொரு விதியைத் தளர்த்தியது. ஆட்டங்களின் தரம் திரையில் நன்றாக இல்லை என்று சனல் சொல்லியிருந்தது. எனவே பிரதான பிரிவு அணிகள், வேறு கல்லூரிக்காரரின் பிள்ளைகளையும் விருந்தினராகச் சேர்க்கலாம். மருமக்களுக்காக அத்தனை கூட்டங்கள் வைத்தவர்கள் இதை ஒரு மின்னஞ்சலில் முடித்தார்கள். முதலில் கேட்கப்பட்டவர்களில் செயலாளரின் மகனும் ஒருவன். கேட்டது சம்மேளனத் தலைவரின் கல்லூரி.

மகன் தகப்பனிடம் எப்படிச் சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. செயலாளர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "போகச் சொல்லிட்டன் அண்ணை. இருபத்தஞ்சு வயசில ஆரும் பாக்காத இடத்தில ஓடி என்ன செய்யிறது?"

அவனோடு இன்னும் இருவர் வேறு அணிகளுக்குப் போனார்கள். மிச்சத்தில் பதினொருவரைச் சேர்க்க முடியவில்லை. கரைப் பள்ளிக்கூடம் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. மூன்றாவது முறை சங்கமே விலகுவதாக அறிவித்தது. அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு என்று ஒன்று இருக்கவில்லை. அது கலைக்கப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அட்டவணை வரவில்லை, அவ்வளவுதான். கரைப் பள்ளிக்கூடம் விலகியதை நான் இரண்டு வசனத்தில் எழுதினேன், பள்ளிக்கூடத்தின் முழுப் பெயரோடு. இணையத்தளத்தில் ஒரு வாரம் இருந்தது. பிறகு புதிய தளம் வந்தது. அதில் சனலின் வர்ணனையாளர்கள் எழுதுவதைப் போட்டார்கள். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓய்வூதியக்காரனுக்கு அது பெரிய இழப்பல்ல.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை மாலை செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இருப்பறையில் பெரிய தொலைக்காட்சியில் ஓடியது. செயலாளரின் மடியில் அவருடைய தொலைபேசியிலும் அதே ஆட்டம், சற்றுப் பிந்தி, சத்தத்தோடு. குசினியிலிருந்தும் அதே வர்ணனை, அதற்கும் சில செக்கன் பிந்திக் கேட்டது. அங்கே அவருடைய மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஓடிய ஒரு டப்ளட் கணினியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏன் இத்தினை?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கைக்கு," என்றார் செயலாளர். "மகளும் பானில போட்டிருப்பாள். டொரோண்டோக்காரருக்கும் சொல்லியிருக்கிறன், மண்டபம் ஒண்டும் வேண்டாம், அவரவர் வீட்டில இருந்து, ஆளுக்கொரு போன் எண்டு."

"ஆரின்ர எண்ணிக்கைக்கு? இது அவையின்ர கல்லூரி."

"பெடியன் விளையாடுறான்தானே அண்ணை. எண்ணிக்கை குறைஞ்சுதெண்டால் அவையையும் கீழ விட்டிடுவினம்."

கீழே என்று இப்போது ஒன்றும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். தேநீர் வந்தது. திரையின் மூலையில் சம்மேளனத் தலைவரின் பெரிய கல்லூரியின் சின்னம் இருந்தது. மகனின் சட்டையிலும் அதே சின்னம். எதிரணி மாதா பள்ளிக்கூடம். சாப்பாடும் கிடாரமும் இருந்த மாதிரித் தெரியவில்லை. மைதானத்தில் கமரா காட்டிய பக்கத்தில் விளம்பரப் பலகைகள் நின்றன. காட்டாத பக்கத்தில் ஆட்கள் இருந்தார்களா என்று தெரிய வழியில்லை.

மகன் வலப்பக்கத்தால் பந்தைக் கொண்டுபோனான். யோசிக்காமல் அடித்தான். வலை அசைந்தது. வர்ணனையாளர் பெரிய கல்லூரியின் பெயரைச் சொல்லி, அந்தக் கல்லூரியின் பிள்ளை என்றார். செயலாளரின் மடியிலிருந்த தொலைபேசியில் அவன் அப்போதுதான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். அவர் குனிந்து அதையும் பார்த்தார். அங்கேயும் வலை அசைந்தது. அங்கேயும் அதே பெயர்.

"கோல்," என்றார் குசினிப் பக்கம் திரும்பி.

"இஞ்ச இன்னும் அடிக்கேல்லை," என்றார் மனைவி, கத்தியைக் கீழே வைக்காமல்.